மரத்தின் தெற்குப் பக்கம்

துடியலூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் சாலையில் போகிறவர்களுக்கு அந்தக் கல்லறைத் தோட்டம் கண்ணில் படாது. பெயிண்ட் கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவே ஒரு கார் மட்டும் நுழையக்கூடிய சந்து. அதன் முடிவில் கம்பிக் கதவு. கதவைத் திறந்தால் முதலில் தெரிவது கல்லறைகள் அல்ல, ஒரு தூங்குமூஞ்சி மரம். ஒரு ஏக்கர் நிலத்தில் கால்வாசிக்கு அது ஒன்றே நிழல் போட்டிருந்தது. அடக்கத்துக்கு வருகிற கூட்டம், சித்திரை வெயிலானாலும், ஜெபம் முடியும்வரை அதன் கீழேதான் நிற்கும். நிற்க முடியாதவர்கள் அதன் வேரில் உட்கார்ந்துகொள்வார்கள்.

அங்கே காவலாள், குழிவெட்டி, தோட்டக்காரர் என்று மூன்று ஆளில்லை. மூன்றும் பாக்கியசாமிதான். வயது அறுபத்து மூன்று. அன்னூர்ப் பக்கம் ஒரு பண்ணையத்தில் ஆள்காரராக இருந்தவரின் மகன். இருபது வயதில் கிணறு வெட்டும் கூட்டத்தோடு சேர்ந்தார். கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தத்தைக் கேட்டே அடியில் பாறையா, கரிசலா என்று சொல்லிவிடுவார். ஆனால் ஊரெல்லாம் போர்வெல் வண்டி வந்த பிறகு கிணறு வெட்ட யார் கூப்பிடுகிறார்கள்? தொண்ணூற்று மூன்றில் வேலையில்லாமல் இருந்தவரை அப்போதைய பங்குத் தந்தை கூப்பிட்டு, "இங்கயும் வெட்டற வேலைதான் பாக்கியம். ஆறடியோட நிறுத்திக்கணும், தண்ணி வந்துறக் கூடாது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். அன்றைக்கு வந்தவர்தான். கதவோரம் இரண்டு அறை வீடு. மனைவி பாவாத்தாள் மாரியம்மன் கோயிலுக்குப் போவாள், இவர் பூசைக்குப் போவார். இதில் இருவருக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. சண்டைக்கு அவர்களுக்கு வேறு காரணங்கள் நிறைய இருந்தன.

மரம் மஞ்சளாவதை முதலில் பார்த்தவள் பாவாத்தாள்தான். "மரத்துக்கு மஞ்சக்காமாலை வந்துருச்சாட்ட இருக்குதுங்க" என்றாள். இரண்டு வருஷமாக அவள் சொல்லிக்கொண்டிருக்க, பாக்கியசாமி வெயில் என்றார், தண்ணீர் என்றார். மூன்றாம் வருஷம் ஆடிக் காற்றில் ஒரு சனிக்கிழமை மதியம், பட்டுப்போன கிளை ஒன்று முறிந்து புதிதாகக் கட்டிய கிரானைட் கல்லறை மேல் விழுந்தது. கல் இரண்டாகப் பிளந்தது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை.

பங்குப் பேரவையின் செயலாளர் ஜெரோம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கெட்ட மனிதர் அல்ல. எதையும் முடித்துவிட வேண்டும் அவருக்கு. பிளந்த கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து சொன்னார்.

"பாக்கியம், அடுத்த தடவை கல்லு மேல விழுகாது, ஆளு மேல விழுகும். மரத்தை எடுத்துப்போடலாம். ஜேசிபி விட்டு வேரோட வாங்கிட்டா அந்தத் தெக்குப் பக்கம் பூரா நமக்கு எடம். அடுக்குக் கல்லறை கட்டிக்கலாம்."

"ஒரு வருசம் குடுங்க சார். மருந்து கிருந்து பார்க்கறேன்."

"மரத்துக்கா? நீங்க உங்க முட்டிக்கே மருந்து பார்க்க மாட்டேங்கறீங்க."

"ஒரே வருசம் சார்."

முப்பது வருஷத்தில் அந்த மனிதர் எதையும் கேட்டு ஜெரோம் பார்த்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டார்.

நிழலுக்காக மட்டும் பாக்கியசாமி அந்த வருஷத்தைக் கேட்கவில்லை. மரத்தடியிலிருந்து தெற்கே காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் முப்பதடி நிலம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு சிலுவை இல்லை, ஒரு கல் இல்லை. அந்தக் காலத்தில் கல்லறைத் தோட்டத்தைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தபோது அந்தத் துண்டை மட்டும் மந்திரிக்காமல் விட்டார்களாம். ஞானஸ்நானம் பெறுவதற்குள் போய்விட்ட குழந்தைகளுக்கு என்று விட்ட இடம். பிற்காலத்தில் திருச்சபை அந்தக் கண்டிப்பையெல்லாம் விட்டுவிட்டது. பழக்கம் விடவில்லை. அடக்கப் பதிவேட்டில் முதல் கட்டமே ஞானஸ்நானப் பெயர். பெயர் இல்லாத குழந்தையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எழுதாமல் விட்டார்கள்.

பக்கத்தில் அப்போது ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது, இப்போது மூடிவிட்டார்கள். பிரசவ வார்டில் செத்துப் பிறந்ததும், பிறந்து ஒரு மணி நேரம் இருந்ததும் ஆட்டோவில் இங்கே வரும். கூட அப்பன் வருவான், அல்லது மாமன். தாய் வார்டில் படுத்திருப்பாள். "எடம் எங்கன்னு அவளுக்குத் தெரிய வேண்டாங்க. தெரிஞ்சா வந்து வந்து அழுவா" என்பார்கள். சொல்ல மாட்டேன் என்று பாக்கியசாமி ஒவ்வொருவருக்கும் கையடித்துக் கொடுத்தார்.

வேர் ஓடிய மண்ணில் இரண்டரை அடிக்கு மேல் இறங்க முடியாது. முதல் குழந்தையை அடக்கிய மறுநாளே நாய் நோண்ட வந்தது. அதிலிருந்து குழிக்கு அடியில் இரண்டு படி, மேலே இரண்டு படி சுண்ணாம்பு போட்டுத்தான் மூடுவார். நாய் அண்டாது, வாடை வராது. தொண்ணூற்று மூன்றிலிருந்து ஆஸ்பத்திரி மூடின இரண்டாயிரத்துப் பதினொன்று வரை முப்பத்தொரு குழந்தைகள். அவருக்கு எழுதத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டார். அண்ணாந்து பார்த்து வைத்துக்கொள்வார். கவட்டைக் கிளைக்கு நேர் கீழே இரண்டு. தேன்கூடு இருந்த கிளை முடிகிற இடத்தில் ஐந்து. வளைந்த கிளையின் முழங்கைக்குக் கீழே இரட்டைப் பெண் குழந்தைகள், ஒரே குழியில். இவ்வளவுதான் பதிவேடு. மரத்தை எடுத்தால் பதிவேடு போயிற்று. ஜேசிபி இறங்கினால் அவர்களும் போனார்கள். அவர் காப்பாற்ற நினைத்தது இதைத்தான். யாரிடமும் சொல்லவும் முடியாது.

பங்கில் ஜோஸ்லின் என்று ஒரு பெண். விவசாயம் படித்து, தோப்புகளுக்கு மண் பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாக்கியசாமி அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அவள் ஒரு தளிரை ஒடித்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பாருங்கண்ணா, நரம்பு மட்டும் பச்சை. நடுவுல பூரா மஞ்சள். பழைய எலை கூடப் பரவால்ல, புதுசா வர்றதுதான் மோசம். இரும்புச்சத்து ஏறலை. சோகை."

"மனுசனுக்கு வருதே, அந்தச் சோகையாங்க அம்மணி?"

"அதே பேருதாங்கண்ணா. மண்ணைப் பார்த்துட்டுச் சொல்றேன், அடுத்த வாரம் வாரேன்."

அடுத்த வாரம் வரைக்கும் பாக்கியசாமிக்குப் பொறுக்கவில்லை. இரும்பு பற்றாது என்றால் இரும்பு போட வேண்டியதுதானே? கோயமுத்தூரில் இரும்புக்கா பஞ்சம்? கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போய், கடைந்து விழுந்த இரும்புச் சுருளை இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். மரத்தடியைச் சுற்றி வாய்க்கால் மாதிரி வெட்டி அதில் கொட்டி மூடினார். விரலெல்லாம் கீறல்.

பாவாத்தாள் வாசலில் நின்று பார்த்தாள். "எங்கூட்டுக்காரரு மரத்துக்கு இரும்புச் சோறு போடறாரு. கடிச்சுத் திங்க நாளைக்குப் பல்லு மொளைக்கும் பாருங்க" என்று பெயிண்ட் கடைக்காரரிடம் சொன்னாள். பிறகு அவர் கைக்கு மஞ்சளும் எண்ணெயும் போட்டுவிட்டாள்.

ஜோஸ்லின் வந்து பார்த்துச் சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டாள்.

"மண்ணுல இரும்பு இல்லாம இல்லைங்கண்ணா. இருக்குது. வேரால எடுத்துக்க முடியலை. எது தடுக்குதுன்னு காட்டறேன் பாருங்க."

பையிலிருந்து பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பாட்டிலை எடுத்தாள். மரத்துக்கு வடக்கே ஒரு கை மண் எடுத்து, தேங்காய்த் தொட்டியில் போட்டு, நாலு சொட்டு விட்டாள். மண் லேசாகச் சுர்ரென்று பொங்கியது. "சுண்ணாம்பு. கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிச்சுட்டு மிச்சத்தை எங்க ஊத்துவீங்க?"

"இங்கதானுங்க. வாளி கழுவறதும் இங்கதான், நெழலா இருக்குதுன்னு."

"எத்தனை வருசமா?"

"எனக்கு முந்தியே புடிச்சு."

அவள் தெற்கே போனாள். ஓரடி தோண்டி மண் எடுத்தாள். ஆசிட் பட்டதும், சோடா பாட்டிலை உடைத்தாற்போல நுரை தொட்டி விளிம்பைத் தாண்டி வழிந்தது. ஜோஸ்லின் கையை இழுத்துக்கொண்டாள்.

"யப்பா! இந்தப் பக்கம் ஏண்ணா இவ்வளவு? சுண்ணாம்புக் காளவாயா இருந்துச்சா?"

வெள்ளை நுரையைப் பார்த்துக்கொண்டே பாக்கியசாமி, "தெரியலீங்க அம்மணி" என்றார். முப்பது குழிக்கு நாலு நாலு படி. கணக்குப் போட அவருக்கு ஜெரோம் சார் தேவைப்படவில்லை.

வைத்தியம் என்னவென்று ஜோஸ்லின் சொன்னாள். மண்ணிலிருந்து சுண்ணாம்பை இனி எடுக்க முடியாது. இடத்துக்கு இடம் அதன் பிடியைத் தளர்த்தலாம், அவ்வளவுதான். கிளை முடிகிற வட்டத்தை ஒட்டி, இரண்டடிக்கு ஒன்றாக, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழிகள். அதில் கந்தகமும் அன்னபேதியும் மக்கிய எருவும் கலந்து நிரப்ப வேண்டும். அன்னபேதி உரக்கடையிலேயே கிடைக்கும், தென்னைக்குப் போடுகிற அதே பச்சை இரும்பு உப்பு. மழைக்கு முன்னால் போட்டால் தை, மாசித் தளிரில் தெரியும்.

"சுத்தியும் போடணுங்கண்ணா. அந்தந்தப் பக்கத்து வேரு அந்தந்தப் பக்கத்துக் கெளைக்குத்தான் சோறு போடும். ஒரு பக்கம் விட்டா அந்தப் பக்கம் போயிரும்."

அன்று சாயங்காலம் பாக்கியசாமி அமலி வீட்டுக்குப் போனார். அமலி அந்த ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் முப்பத்து நாலு வருஷம் நர்ஸாக இருந்தவர். ஊரில் எல்லோருக்கும் 'அமலி சிஸ்டர்'. எழுபத்திரண்டு வயதிலும் தெருவில் யாருக்காவது ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முப்பத்தொன்றில் பாதிக்கு மேல் துணி சுற்றிக் கொடுத்தது அவர் கைதான்.

பாக்கியசாமி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, முகத்தில் மாற்றமில்லாமல், "கால்சியம் மாத்திரையும் அயர்ன் மாத்திரையும் ஒண்ணா முழுங்காதேன்னு எத்தனை கர்ப்பிணிகளைத் திட்டியிருப்பேன்! சுண்ணாம்பு இரும்பை ஏற விடாது. மரத்துக்கும் அதே கதைதானா?" என்றார்.

"நாந்தானுங்க சிஸ்டர் போட்டேன். என்ற கையால."

"போடாட்டி நாய் இழுத்துட்டுப் போயிருக்கும். வேற வழி இருந்துச்சா? இல்லை. அப்புறம் என்ன, அதை விடுங்க. தோண்டப் போறீங்களா?"

"எப்படீங்க தோண்டறது? அவங்க மேலயா?"

"பாக்கியம், நான் சொல்றேன் கேளுங்க. ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோப் பிள்ளைங்க. எலும்பா அது? இத்தனை வருசத்துல ஒண்ணும் மிச்சமிருக்காது."

"எலும்பு இருக்காதுங்க. எனக்குத் தெரியாதா? துணிக்கு மேல நீங்க சுத்திக் குடுத்த நீலப் பிளாஸ்டிக் இருக்குமில்ல."

வார்டு மேஜைக்கு விரிக்கிற அந்த நீலத் தாளை அளவாக வெட்டி அடுக்கி வைத்ததும் அவர்தான்.

"ஜெரோம்கிட்ட சொல்லிடுங்க" என்றார் கடைசியில்.

"சொல்ல மாட்டேன்னு கையடிச்சுக் குடுத்திருக்கேனுங்க."

"யாருக்கு?"

"அப்பன்காரங்களுக்கு."

"ஆத்தாக்காரிகளுக்கு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அமலி எழுந்து காபி போடப் போனார்.

புரட்டாசியில் தோண்ட ஆரம்பித்தார். வடக்கு, கிழக்கு, மேற்கு மூன்று பக்கமும், கல்லறைகளுக்கு நடுவே போகும் நடைவழியில், தானே கடப்பாரை போட்டு எழுபத்தெட்டுக் குழிகள். கிணறு வெட்டின உடம்புதான், ஆனால் நாளுக்கு ஐந்துக்கு மேல் முடியவில்லை. பாவாத்தாள் கந்தகத்தையும் அன்னபேதியையும் எருவோடு பிசைந்து கூடையில் எடுத்து வந்து நிரப்பினாள். "என்ற கல்யாணத்துக்குக் கூட நான் இத்தனை மஞ்சள் பூசலீங்க" என்றாள், முழங்கை வரை கந்தகத்தோடு.

பிறகு தெற்கு. அங்கே ஒரே ஒரு இடத்தில் முயன்றார். தேன்கூட்டுக் கிளைக்கும் வளைந்த கிளைக்கும் நடுவில் யாரும் இல்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். கடப்பாரையை மெதுவாக இறக்கினார். ஒன்றரை அடியில் மண்ணின் சத்தம் மாறியது. கையால் அள்ளினார். வெள்ளைக் கட்டிகள், அவற்றுக்குள் நீலமாக, நகமளவு ஒரு கிழிசல்.

அதைத் திரும்ப உள்ளே வைத்தார். மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதிக்காமல் கையால் அமுக்கினார். வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த கலவை மூட்டையின் வாயைக் கட்டி ஓரமாக வைத்தார். "ஏனுங்க, அக்கட்டத் தெக்குப் பக்கம்?" என்று பாவாத்தாள் கேட்டதற்கு, "போதும்" என்றார். அவள் ஒருமுறைக்கு மேல் கேட்கிறவள்தான். அன்றைக்குக் கேட்கவில்லை.

மாசியில் மரம் துளிர்த்தது. மூன்று பக்கமும் பச்சை. அடர்ந்த, எண்ணெய் பூசினாற்போன்ற பச்சை. தெற்குப் பக்கம் எலுமிச்சம்பழ மஞ்சள். கயிறு கட்டிப் பிரித்ததுபோல நடுவில் ஒரு கோடு. கல்யாண மண்டபத்துக்கு வந்தவர்கள் கதவருகே நின்று போனில் படம் எடுத்தார்கள். யாரிடமும் சொல்லாமல் பாக்கியசாமி வைத்திருந்ததை மரம் ஊருக்கே தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றது.

ஜெரோம் மகிழ்ச்சியோடு வந்தார். "பாக்கியம், நான் தோத்துட்டேன். மருந்து வேலை செய்யுது. ஆனா இதென்னங்க, முக்கால் பரீட்சை எழுதிட்டு எந்திரிச்சு வந்துட்டீங்க? தெக்க ஏன் தோண்டலை?"

"முடியலீங்க சார். வயசாயிருச்சு."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? உங்களை நான் கடிச்சாத் திங்கப் போறேன்? செவ்வாக்கெழமை மெசினுக்குச் சொல்லிடறேன். அரை நாள் வேலை."

திட்டியிருந்தால்கூட பாக்கியசாமி தாங்கியிருப்பார். அந்த மனிதர் உதவி செய்தார். அதற்கு என்ன சொல்லி மறுப்பது? வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். ஜெரோம் அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ரசாக் என்பவர் குழி போடும் மெஷினோடு வந்தார். இரண்டு கைப்பிடி, கீழே ஆளுயர இரும்புத் திருகு, பெட்ரோலில் ஓடுவது. ஜெரோம் கையில் டேப்பைப் பிடித்து, கோலப்பொடியால் இரண்டடிக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனார். வாத்தியார் அல்லவா, வட்டம் அச்சாக இருந்தது. ரசாக் கயிற்றை இழுத்து மெஷினைக் கிளப்பினார். முதல் புள்ளிக்குத் திருகைக் கொண்டுபோனபோது, அந்தப் புள்ளியின் மேல் பாக்கியசாமி குந்தி உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, ஒதுங்குங்க. காலு போயிரும்."

"ஏனுங்க பாக்கியம், என்ன இது?" மெஷின் சத்தத்துக்கு மேல் ஜெரோம் கத்தினார்.

பாக்கியசாமி ஏதோ சொன்னார். கேட்கவில்லை. ரசாக் மெஷினை நிறுத்தினார்.

"கொழந்தைங்க இருக்குதுங்க சார்."

"எங்க?"

"இந்த எடம் பூரா. முப்பத்தொண்ணு. ஆசுபத்திரியில இருந்து வந்தது. ஞானஸ்நானம் ஆகாதது. நாந்தான் வெச்சேன். சுண்ணாம்பும் நாந்தான் போட்டேன். அதனாலதான் இக்கட்டப் பக்கம் மரத்துக்கு இரும்பு ஏற மாட்டேங்குது."

முதலில் அசைந்தவர் ரசாக். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த அடிச்சுவட்டிலேயே பின்னோக்கி நடந்து நடைவழிக்குப் போய்விட்டார். மெஷினை எடுக்கக்கூட உடனே திரும்பி வரவில்லை. ஜெரோம் தான் வைத்த புள்ளிகளைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். எங்கே நகர்வது என்று தெரியாமல் நின்றார்.

"முப்பது வருசமா எனக்குச் சொல்லலியே, பாக்கியம்."

"யாருக்குமே சொல்லலீங்க."

"ஒரு லிஸ்டாவது இருக்குதா?"

"பேரே வெக்கலீங்க சார். லிஸ்ட்டுல என்னத்தை எழுதறது?"

அதன்பின் நடந்தவை சரியாகவே நடந்தன. ஃபாதர் வந்து அந்த நிலத்தை மந்திரித்தார். அங்கே யாரும் மண்ணைத் தொடக் கூடாது என்று பேரவை தீர்மானம் போட்டது. பூசையில் அறிவிப்பும் செய்தார்கள். விவரம் வேண்டுவோர் பாக்கியசாமியைக் கேட்கலாம் என்றார்கள். எல்லோரும் நல்லவிதமாக நடந்துகொண்டார்கள். மரத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தோண்டக் கூடாது என்றால் மருந்து இல்லை.

ஜோஸ்லின் கடைசியாக ஒன்று செய்து பார்த்தாள். தெற்குக் கிளைகள் மூன்றிலும் அடியில் துளையிட்டு இரும்பு மருந்தை ஊசியாக ஏற்றினாள். ஒரு கிளையில் ஒரு மாதத்துக்குப் பச்சை எட்டிப் பார்த்தது. மற்ற இரண்டிலும் துளை வழியே கறுப்பாக நீர் வடிந்து பட்டை வெடித்தது. "சின்ன மரம்னா தாங்கியிருக்குங்கண்ணா. இத்தனை வயசான மரத்துக்கு, இவ்வளவு சுண்ணாம்புக்கு மேல..." என்று நிறுத்திக்கொண்டாள். அவள் கண்ணைப் பார்த்து, "பரவால்லீங்க கண்ணு, நீ என்ன பண்ணுவே" என்றார் பாக்கியசாமி.

வைகாசி முடிவதற்குள் மூன்று கிளைகளும் நுனியிலிருந்து பட்டுக்கொண்டே வந்தன. ஆடிக் காற்றுக்கு முன்னால் எடுத்தாக வேண்டும். மரம் வெட்டுகிறவர்கள் வந்தார்கள். கிளை தடாலென்று தெற்கு மண்ணில் விழாமல், கயிறு கட்டி இறக்கி வடக்கே கொண்டுபோக வேண்டும் என்று பாக்கியசாமி கேட்டுக்கொண்டார். கயிற்றின் ஒரு முனையை அவரே பிடித்தார். தேன்கூட்டுக் கிளை, கவட்டைக் கிளை, கடைசியாக வளைந்த கிளை. மரம் முழுதாகப் போய்விடவில்லை, முக்கால் பங்கு நிற்கிறது என்று ஜெரோம் ஆறுதல் சொன்னார். கணக்கு சரிதான்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு, ஒரு பெண் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. ஈரோட்டில் துணிக்கடை ஒன்றில் வேலை. பெயர் கிருபா என்றார். காலை பஸ்ஸில் கிளம்பி வந்ததாகச் சொன்னார். இந்தப் பங்கில் இருக்கும் நாத்தனார் பூசையில் கேட்டதைப் போனில் சொன்னாளாம்.

"தொண்ணூத்தெட்டு, அக்டோபருங்க. ஆண் கொழந்தை. எங்கூட்டுக்காரரு இருந்தவரைக்கும் எடத்தைச் சொல்லலை. போன வருசம் அவரும் போயிட்டாரு." பையை மாரோடு அணைத்தபடி நின்றார். "நீங்கதான் வெச்சீங்கன்னாங்க."

பாக்கியசாமிக்கு நினைவிருந்தது. அந்த அப்பனின் முகம், அன்றைய மழை, குழிக்குள் தேங்கிய தண்ணீரைச் சொம்பால் இறைத்தது எல்லாம் நினைவிருந்தது. வளைந்த கிளையின் முழங்கைக்கு இரண்டடி இந்தப் பக்கம், நுனி சுவரைத் தொடுகிற நேருக்கு. "தெரியுமுங்க, வாங்க" என்று சொல்லி முன்னால் நடந்தார்.

தெற்கே போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

வானம்தான் இருந்தது. ஒரே வெளிச்சம். கண் கூசியது. வெட்டிய மூன்று வாய்களும் மரத்தோடு ஒட்டி, தட்டுப்போல வட்டமாகத் தெரிந்தன. முழங்கை எங்கே? நுனி சுவரில் எந்தக் கல்லுக்கு நேரே தொட்டது? சுவரைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், நாலடி போனார், திரும்பி வந்தார். எங்கே நின்றாலும் ஒரே மண்ணாக இருந்தது. புரட்டாசியில், மரம் முழுசாக இருந்தபோதே, யாரும் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில்தான் அந்த நீலக் கிழிசல் வந்தது.

கிருபா பின்னாலேயே வந்து நின்றிருந்தார். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்.

"எங்கீங்கண்ணா?"

"இந்த எடந்தானுங்க அம்மணி. இதுக்குள்ளதான்." கையை அகலமாக வீசிக் காட்டினார். "கரெக்டா இன்ன எடம்னு... கெளை இருந்துச்சுங்க. அதை வெச்சுத்தான்... இப்ப அது..."

பாவாத்தாள் வீட்டு வாசலிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தவள், பாதி வழியில் நின்றுவிட்டாள்.

கிருபா அந்த முப்பதடி நிலத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். சத்தம் போடவில்லை, அழவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"எங்கயாச்சும் ஒரு எடத்தைக் காட்டுங்கண்ணா. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிடறேன்."

பாக்கியசாமி சுவரிலிருந்து ஆறடி தள்ளி ஓரிடத்தைக் காட்டினார். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய் நின்றார். சுடுமண். கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். பாக்கியசாமி நடைவழியில் நின்றார். அந்த இடத்துக்கு அடியில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. கிருபா கேட்கவில்லை.